விசில் இல்லாத நாளில் ரெஃப்ரி எங்கே உட்கார வேண்டும்?

பதினெட்டு வருடமாகக் கபடிக்கு விசில் ஊதுகிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். சனி, ஞாயிறு ராத்திரிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் கோயில் கொடை, பொங்கல், தலைவர் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் நடக்கும் போட்டிகளில் நடுவர். களத்துக்குள் எப்படி நிற்பது என்று பரீட்சை வைத்துச் சொல்லித்தருகிறார்கள். வேலை இல்லாத நாளில் இன்னொரு நடுவர் ஆட்டம் நடத்துவதைப் பார்க்கப் போனால் எப்படி உட்கார வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தருவதில்லை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வருடம் பரீட்சை எழுதி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். கோயில் திடல், தண்ணீர் தெளித்த மண் களம், அரையிறுதி. பக்கவாட்டுக் கோட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு புள்ளி வித்தியாசம். எதிரணிப் பக்கம் பாடிப்போன ரைடர் இடது காலைப் போனஸ் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டுத் திரும்பினான். எதிர்ப்பக்கம் நின்ற அம்பயர் போனஸ் புள்ளி கொடுத்தார். எதிரில் ஆறு பேராவது இருக்க வேண்டும், இருந்தார்கள். முன்கால் கோட்டைத் தாண்டும்போது பின்கால் தரையில் பட்டிருக்கக் கூடாது. எனக்கு என்னவோ பட்டிருந்த மாதிரி தெரிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. “ப்ச்” என்று லேசாகத் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

பின்னால் இருந்தவன் எழுந்துவிட்டான். “ஏய், ரெஃப்ரி சாரே இல்லைங்காரு!” கேப்டன் கயிற்றருகே ஓடிவந்து என்னைக் கை காட்டினான். ஆட்டம் 25 நிமிடம் நின்றது. போனஸ் கொடுத்த அந்த அம்பயர் என்னோடு பத்து வருடமாகப் போட்டிகளுக்கு வந்தவர், ஒரே பஸ்ஸில், பல தடவை ஒரே பாயில் படுத்தவர். அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பையன் கடைக்கோட்டுப் பக்கமிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினான். பின்கால் நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. நான் பார்த்தது ரைடரின் காலையே அல்ல. கார்னரில் நின்றவனின் கணுக்கால் குறுக்கே மறைத்திருக்கிறது, ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் அவன் நிழல் தரையில் விழுந்திருக்கிறது. அந்த நிழலைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டவை இவை.

உட்காரும் இடத்தைப் போட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே நீங்களே பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் வேண்டாம். அங்கே அம்பயர் நிற்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கூட்டத்துக்குத் தோன்றும். ஸ்கோரர் மேஜைக்குப் பின்னால் கூடவே கூடாது. அணியின் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்த மாதம் அந்த அணிக்கு நீங்கள் நடுவராக வரும்போது பேச்சு எழும். கடைக்கோட்டுக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசி வரிசைதான் நல்லது. சங்கத்து டி-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கிராமத்தில் இதற்கு ஒரு பெரிய இடைஞ்சல் மைக். “நமது மாவட்டத்தின் மூத்த நடுவர் அவர்கள் நம்மிடையே வருகை தந்திருக்கிறார்கள்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் பொன்னாடை, அப்புறம் மேடையில் நாற்காலி. மேடையில் உட்கார்ந்துவிட்டால் தொலைந்தது. களத்தில் நிற்பவர் கீழ்க்கோர்ட், நீங்கள் மேல்கோர்ட் என்று ஊரே முடிவு செய்துவிடும். அன்பாகச் செய்கிறார்கள், முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் முடியாது. நான் கமிட்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “அண்ணாச்சி, இன்னைக்கு நான் சும்மா ஆட்டம் பார்க்க வந்திருக்கேன். துண்டு போடணும்னா ஃபைனல் முடிஞ்சு போடுங்க, பி.டி. வாத்தியார்னு சொல்லிப் போடுங்க.” பாதிப் பேர் கேட்பார்கள். சாப்பாட்டு டோக்கனையும் வாங்காதீர்கள். அது வேலை செய்கிறவர்களுக்கு எண்ணி வைத்த புரோட்டா. ஒரு தடவை நான் சாப்பிட்டதில் உதவி ஸ்கோரர் ஒருவர் வெறும் சால்னாவோடு நின்றார்.

களத்தில் வேலை செய்யும் நடுவர்களைப் போய்ப் பார்க்க வேண்டுமா? கட்டாயம் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய் வணக்கம் வைத்து, வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரை நடுவில் பார்த்தால், வேவு பார்க்க வந்தானோ என்றுதான் எவருக்கும் தோன்றும். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். இடைவேளை 5 நிமிடம்தான். அதற்குள் அவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும், முதல் பாதியைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் போய் நின்று இரண்டாம் பாதியில் ஒரு முடிவு மாறினால், நீங்கள் மழையைப் பற்றித்தான் பேசினீர்கள் என்றால் யார் நம்புவார்?

இனி கையும் முகமும். பல வருடம் விசில் ஊதியவனின் கை தானாக எழும். ரைடர் கோட்டை மிதித்தால் கை ‘அவுட்’ காட்டும், மனதுக்கே தெரியாது. அதனால் கையில் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வறுகடலைப் பொட்டலம். சிக்கலான ரெய்டு வரும்போது ஒரு கடலையை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்துவிடுவேன். முகம் கடினம். ஒரு முடிவு வந்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவது, புருவம் தூக்குவது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு நடுவரைப் பார்த்துச் சிரிப்பது எல்லாமே தீர்ப்புதான். இரண்டு நடுவர்கள் சேர்ந்து பார்க்கப் போனால் பக்கத்துப் பக்கத்தில் உட்காராமல் இருப்பதே உத்தமம்.

கேள்வி வரும். “சார், அது டச்சா இல்லையா?” இதற்கு நான் வைத்திருக்கும் பதில், “அவரு நிக்கிற இடத்துல இருந்து அவருக்குத் தெரியும். இங்க இருந்து எனக்குத் தெரியல.” பெரும்பாலும் இது உண்மையும்கூட. புதிதாக வருபவர்கள் சக நடுவரைக் காப்பாற்றுவதாக நினைத்து “அவர் சொன்னதுதான் கரெக்ட்” என்பார்கள். இது நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு. மூன்று முறை கரெக்ட் என்று சொல்லிவிட்டு நான்காவது முறை பேசாமல் இருந்து பாருங்கள், அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்து வரிசையே சொல்லும். பெண் நடுவர் ஆட்டம் நடத்தினால் இந்தக் கரெக்ட்காரர்கள் இன்னும் கூடுதலாகச் சத்தம் போடுவார்கள். அவருக்கு உங்கள் சான்றிதழ் தேவையில்லை.

விதி என்ன என்று கேட்டால் சொல்லலாம். சூப்பர் டேக்கிள் எப்போது, தடுப்பவர்கள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால். டூ ஆர் டை எப்போது, இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது, அதில் புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட். இதெல்லாம் பொது அறிவு. ஆனால் இப்போது நடந்தது அந்த விதிக்குள் வருமா என்ற இடத்தில் கடலையை உரிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

விதியைச் சொல்வதிலும் ஒரு குழி இருக்கிறது. 2023 அக்டோபர் 7ஆம் தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். 28-28. கொஞ்ச நேரம்தான் பாக்கி. பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டு போகிறார், யாரையும் தொடாமல் லாபிக்குள், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரப்பட்டைக்குள், போய்விடுகிறார், ஈரான் தடுப்பாட்டக்காரர்கள் அவரைத் துரத்தி லாபிக்குள் வருகிறார்கள். ஒரு விதிப்படி ரைடர் மட்டும் அவுட். இன்னொரு விதிப்படி பின்னால் லாபிக்குள் வந்தவர்களும் அவுட். எந்த விதி செல்லும் என்பதில் முடிவு மாறி மாறி, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. அன்று ஊரில் டீக்கடை டிவி முன்னால் நின்றுகொண்டு எங்கள் ஆட்கள் மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொன்னார்கள். மூன்று பேரும் விதி தெரிந்தவர்கள்தான். ஆனால் அந்தப் போட்டிக்கு எந்த விதிப் புத்தகம் என்பது டீக்கடையில் யாருக்கும் தெரியாது. உள்ளூர்ப் போட்டியிலும் இதே கதைதான். காலையில் கேப்டன்களைக் கூப்பிட்டு என்ன பேசி முடித்தார்கள் என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. நேரத்தைக் குறைத்திருப்பார்கள், போனஸே இல்லை என்று வைத்திருப்பார்கள்.

அப்படியானால் எதற்குமே வாய் திறக்கக் கூடாதா? ஆள் காயப்படும் விஷயம் என்றால் உடனே திறக்க வேண்டும். களத்தில் விரித்த மேட் (விரிப்பு) ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, லைட் கம்பத்து ஒயர் லாபிக்கு மேல் தொங்குகிறது என்றால் கமிட்டிக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுங்கள். அவுட்டான ஆளை உயிர்ப்பித்துத் திரும்ப உள்ளே எடுக்கும்போது வரிசை மாறி வேறு ஆள் உள்ளே வந்துவிட்டான், ஸ்கோர் போர்டில் புள்ளி தப்பு என்பது போன்ற கணக்குப் பிழையில் எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. நான் செய்வது, ஆட்டம் நிற்கும்போது போட்டி அமைப்பாளர் காதில் மட்டும் போட்டுவிடுவது. அணிக்காரர்கள் வழியாக ஒருபோதும் இல்லை. டச், போனஸ், ரைடர் ‘கபடி கபடி’ என்ற பாட்டை விட்டது, பிடி முன்னாலா விசில் முன்னாலா, இவையெல்லாம் அவர்களுடைய கண்ணுக்கு உரியவை. உள்ளே ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் என்று ஆறு பேர் இருக்கிறார்கள். அம்பயர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் தீர்க்க ரெஃப்ரி இருக்கிறார். ஏழாவதாக நீங்கள் தேவையில்லை.

சரி, வாயை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்னதான் செய்வது? ரைடரை விட்டுவிட்டு நடுவரைப் பாருங்கள். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. ரைடர் பாக் லைனை நெருங்கும்போதே அம்பயர் கால் நகர ஆரம்பித்துவிட்டதா, கோடு நோக்கிக் குனிகிறாரா, கூட்டமாக விழுந்து பிடிக்கும்போது எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறார்? நான் நடுவராக நின்று கற்றதில் பாதி இப்படிப் பார்த்துக் கற்றதுதான்.

ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பேசாதீர்கள். அவர்கள் பேப்பரில் கையெழுத்து வாங்க வேண்டும், தோற்ற அணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். டீக்கடைக்கு வரட்டும். அங்கேயும் அவராகக் கேட்டால்தான் பேச்சு.

எனக்கு விசில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் முதல் வருடம் நடத்திய ஒரு ஆட்டத்தைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தார். எனக்கே தெரியும், ஒரு டச்சை விட்டுவிட்டேன். டீ வந்தது, பாதி குடித்தார், பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. “அண்ணே, அந்த டச்…” என்று இழுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ரெய்டு ஆரம்பிக்கும்போது நீ எங்கடே நின்ன?” என்று கேட்டார். சொன்னேன். “அங்க இருந்து உனக்கு அவன் வலது கை தெரியுமா?” தெரியாது. அவ்வளவுதான், மீதி டீயைக் குடித்தார். டச் உண்டா இல்லையா என்று அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. இன்றும் இடது பக்கமாகத் தடுப்பவர்கள் நெருக்கினால் என் கால் தானாக ஒரு எட்டு பின்னால் போகும்.

அவர் கேட்கவே இல்லை, ஆனால் விதியையே தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று தெரிகிறதா? இரண்டு நாள் கழித்து போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், அது ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். வீடியோ துண்டை நடுவர்கள் குரூப்பில் போட்டு “இது என்ன முடிவு?” என்று கேட்பவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்பார்கள், கீழே சிரிப்புப் பொம்மையும் இருக்கும்.

உள்ளே நிற்பவருக்கும் ஒன்று. நெருக்கமான முடிவு சொன்னதும் என் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் நான் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருப்பேன்.

கடைசியாக, பஸ். ராத்திரி ஆட்டம் முடிந்து கிளம்பும் வண்டியில் பாதி, ஆட்டம் பார்த்த கூட்டம்தான் இருக்கும். நீங்களும் களத்தில் நின்ற நடுவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். முன் சீட்டில் தூங்குவது போல இருப்பவன் தோற்ற அணியின் சித்தப்பாவாக இருப்பான். இறங்கும்வரை பருத்தி விலையைப் பேசிக்கொண்டு வாருங்கள்.