தகடு ஆழமாக இழுபடுமா என்று சோதிக்கும் முறை

எஃகு அல்லது அலுமினியக் கலவைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி எடுக்கும் முன், அது எல்லாத் திசைகளிலும் ஒரே விதமாக நீளாது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்; ஆலையில் உருளைகளுக்கிடையே நசுங்கி வரும்போது அதன் படிகமணிகள் குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே உருட்டிய திசைக்கு 0, 45, 90 பாகைகளில் மாதிரிகளை எடுங்கள். அளவு நீளம் (நீட்சியை அளக்கக் குறித்துக்கொள்ளும் பகுதி) 50 மில்லிமீட்டர், அகலம் 12.5 மில்லிமீட்டர் என்பது பரவலான வழக்கு. ஷியரிங் எந்திரத்தில், அதாவது கத்தரிபோல, வெட்டினால் ஓரம் இறுகி, முறிவு அங்கிருந்தே தொடங்கக்கூடும் என்பதால், மில்லிங் (சுழலும் வெட்டுக்கருவியால் சீவுதல்) செய்து பிசிறை நீளவாக்கில் தேய்த்து நீக்குங்கள். இதில் சோம்பினால், எந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

இழுவிசைச் சோதனை எந்திரத்தில் மாதிரியை நேர்க்கோட்டில் பொருத்தி இழுத்து, ஓரிடத்தில் மட்டும் கழுத்துபோல் ஒடுங்கத் தொடங்கும் முன்பே நிறுத்தி, சுமையை இறக்கிய பிறகு நீளத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். மென்எஃகுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீத நீட்சி பொருந்தும். அலுமினியக் கலவைகளுக்கு அதைவிடக் குறைவாக வைப்பது பாதுகாப்பு. மெல்லிய தகட்டின் தடிமன் மாற்றத்தை நேரடியாக அளப்பதைவிட, கனஅளவு மாறாது என்ற விதியிலிருந்து கணக்கிடுவதே துல்லியமானது. அகலத்தின் மெய்த்திரிபை (இறுதி அளவை ஆரம்ப அளவால் வகுத்ததன் இயல்மடக்கை) தடிமனின் மெய்த்திரிபால் வகுத்தால் கிடைப்பது லாங்க்ஃபோர்ட் எண்.

மூன்று திசைகளுக்கும் இந்த எண்ணைக் கண்டபின், 45 பாகை மதிப்பை இரட்டித்து மற்ற இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் சராசரி கிடைக்கும். அது உயர உயரத் தகடு மெலியாமல் ஆழமாக இழுபடும். அலுமினியக் கலவைகளில் இது பொதுவாக ஒன்றுக்கும் கீழேதான் நிற்கும். 45 பாகை மதிப்பு மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தால், கிண்ணத்தின் விளிம்பில் அத்திசையிலேயே காதுகள், அதாவது அலைபோன்ற மேடுகள், எழும். அவற்றை வெட்டி நீக்குவதற்கான கூடுதல் தகட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.