பென் டிரைவில் லினக்ஸ் எழும்பவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

லைவ் லினக்ஸ், அதாவது கணினியில் நிறுவாமல் பென் டிரைவில் இருந்தே ஓடும் லினக்ஸ், மக்கர் பண்ணினால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென்னின் பெயரே வரவில்லையா, லினக்ஸைத் தொடக்கும் கிரப் மெனு வந்தபின் திரை கறுத்ததா, டெஸ்க்டொப் வந்து அரை மணித்தியாலத்தில் உறைந்ததா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

பெயரே வரவில்லை என்றால் விண்டோஸை ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை எழும்பும்போது பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ லாப்டொப்பில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 பெரும்பாலும் தானாக வேலை செய்யாது. எஃப்2 அழுத்தி கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய், எஃப்12 பூட் மெனுவை இயக்கிவிட்டு வர வேண்டும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் 10உம் அதற்குப் பிந்தையவையும் ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு அது தேவையில்லை. அணைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு வழிமறிக்கும்.

மெனு வந்த பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு பென்னிலும், அதில் எழுத இறக்கிய லினக்ஸ் படிமக் கோப்பிலும்தான். உபுண்டு 24.04 ஏறக்குறைய 6 ஜிபி. இரவு டேட்டாவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்து, பாதியில் முடிந்த கோப்பும் வெளிப்பார்வைக்கு முழுசாகவே தெரியும். இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பான லேர்ணின் மிரரில் (நகல் தளத்தில்) இருந்து எடுத்தால் வேகமாக இறங்கும். ஆனால் கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் ஷா256 எண்ணை மூலத் தளத்தில் இருந்தே எடுத்து ஒப்பிடுங்கள். இறக்கிய கோப்பின் எண்ணை விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும் லினக்ஸில் ஷா256சம் கட்டளையும் காட்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்து மறுபடி இறக்குங்கள்.

அடுத்தது பென். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் சரி, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினாலும் சரி, விலை நம்ப முடியாத அளவு குறைவென்றால் சந்தேகப்படுங்கள். போலிப் பென் 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டி எழுதுவது எல்லாம் பிழைச் செய்தி இல்லாமலே காணாமல் போகும். காலிப் பென்னில் கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பென் நல்லதாக இருந்தும் எழும்பவில்லை என்றால் படிமத்தைப் பென்னில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் ஐஎஸ்ஓ முறையை விட்டு, படிமத்தை அப்படியே நகலெடுக்கும் டிடி முறையில் எழுதிப் பாருங்கள்.

கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லும் பக்கத்தில் மினுங்கும் கோடும் மட்டும் நின்றால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழும்பிவிட்டது, ஆனால் தன் கோப்புகள் இருக்கும் பென் அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஹப், நீட்டிப்பு வயர் எல்லாவற்றையும் கழற்றி, பென்னை நேரடியாக வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள். நீலத் துளையில் இருந்தால் கறுப்புத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

கிரப் மெனுவுக்குப் பின் திரை கறுத்து, ஃபேன் மட்டும் சுற்றினால் அது கிராஃபிக்ஸ் தகராறு. என்விடியா உள்ள கணினிகளில் அதிகம். மெனுவில் முதல் வரியை நிறத்தால் தெரிவுசெய்து 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், அங்குள்ள குவயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்து, ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று தட்டுங்கள். ஆங்கிலத்தில் நோ, மோட், செட் மூன்றும் சேர்ந்த ஒன்பது சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. பிறகு எஃப்10. படம் பெரிதாகவும் மந்தமாகவும் வரும், பரவாயில்லை. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

ஓடிக்கொண்டிருந்தது உறைந்தால் கட்டளை தட்டும் டெர்மினலில் சூடோ போட்டு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பென்னில் சுருக்கி வைத்த லினக்ஸ் கோப்புகளைக் குறிக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை வரிசையாக வந்தால் பென் சாகிறது, அல்லது எழுதியது பழுது. அது இல்லாவிட்டால் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் -எச் போட்டு, நீங்கள் செய்யும் மாற்றங்கள் தங்கும் இடமான 'கௌ' என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் இறக்கும் கோப்பும் நிறுவும் மென்பொருளும் ராமில்தான் தங்குகின்றன. 4 ஜிபி ராமில் பிரவுசரைத் திறந்து நாலைந்து கோப்பு இறக்கினாலே அது நிரம்பிவிடும். கோப்புகளை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

வைஃபை தெரியவில்லை என்றால் ட்ரைவர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். போனை வயரில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங் போட்டால் எந்த சிம்மானாலும் இணையம் வந்துவிடும். பிறகு நிதானமாக ட்ரைவர் எடுக்கலாம்.

லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிஸ்க் திறந்தும் எழுத விடவில்லையா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்பு கெடும். விண்டோஸுக்குத் திரும்பி, ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வேலை முடிந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கலாம். லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதைக் கொழும்பு நேரம் என்று வாசிக்கிறது. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' ஒருமுறை அழுத்தினால் போதும்.