மழை மாதங்களில் குதிரைப் பயிற்சியை விடாமல் இருப்பது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வருபவர்கள் எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் உண்டு. வாங்கிய ஆசையில் கொஞ்ச நாள் தினமும் சவாரி நடக்கும். ஆவணி முடிவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். புரட்டாசி, ஐப்பசியில் வண்டித்தடமெல்லாம் சேறு, மாலையில் சீக்கிரம் இருட்டு. "விட்டதும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தை பிறந்த பிறகுதான் மறுபடி சேணத்தைத் தூசி தட்டுவோம். அதுவரை கொட்டகையில் நின்றே கொள்ளு தின்ற குதிரை, ஏறிய முதல் நாளே துள்ளும். அதன் பிறகு ஏறவே மனசு வராது.

இதைச் சோம்பல் என்று சொல்லிக்கொள்கிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது பயம். நின்ற குதிரையின் மேல் ஏறப் பயம், அதை வெளியே சொல்ல வெட்கம். ஆகவே மழைக்காலத்தில் ஆர்வத்தைக் காப்பாற்ற ஒரே வழி, குதிரை நமக்கு அந்நியமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். தினமும் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே நின்றபடியே தினமும் கால் மணி நேரம் வேலை வாங்கினால் போதும். நான் செய்து பலன் கண்ட முறையைக் கீழே எழுதுகிறேன். கடிவாளம் மாட்டுவது, சேணம் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: தீவனத்தைக் குறையுங்கள்

பயிற்சிக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். வேலை குறைந்தால் கொள்ளும் தவிடும் அன்றே குறைய வேண்டும். முழுக்க நிற்கும் நாட்களில் பாதிக்கு மேல் வேண்டாம். காய்ந்த தட்டையும் புல்லையும் மட்டும் குறைக்கக் கூடாது. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 7 கிலோ காய்ந்த தீவனம் தேவை. வேலை இல்லாத நாட்களில் முழுக் கொள்ளும் கொடுத்துவிட்டு மறுநாள் வேகமாக ஓட்டினால், பின்தொடைத் தசை கல்லாக இறுகி, குதிரை வியர்த்துப்போய் நகர மறுக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் வரலாம். அப்போது அதை நடத்தி வீட்டுக்குக் கூட்டி வர முயலாதீர்கள். நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் மாட்டுக்காகப் போட்ட கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) தளதளவென்று வளர்ந்து நிற்கும், அறுத்துப் போடக் கை பரபரக்கும். அதில் உள்ள ஆக்சலேட், குதிரையின் உடம்பில் கால்சியம் சேர விடாது. மாதக்கணக்கில் அதையே முக்கியத் தீவனமாகப் போட்டால் எலும்பு பலவீனமாகி முகம் புடைக்கும். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. அறுகம்புல், கேழ்வரகுத் தட்டு, சோளத்தட்டு என்று மாற்றிப் போடுவதே என் விருப்பம்.

இரண்டாம் படி: தை மாதத்துக்கு ஒரு சின்ன இலக்கு

"நல்லாப் பழக்கணும்" என்பது இலக்கு ஆகாது. ஏறும்போது அசையாமல் நிற்க வேண்டும், நான்கு காலையும் கேட்டவுடன் தூக்க வேண்டும், மேளச் சத்தத்தில் மிரளக் கூடாது. இப்படி ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அன்று செய்ததை ஒரே வரியில் எழுதி ஆணியில் குத்தி வையுங்கள். செல்போன் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். கொட்டகையில் ஈரக் கையோடு நிற்பவருக்குத் தாளும் பென்சிலும்தான் சரி.

நேரம் காலையில், கொள்ளு வைப்பதற்கு முன். தட்டை போட்டுவிட்டு, அது கொஞ்சம் மென்றதும் கயிற்றை மாட்டுங்கள். வேலை முடிந்து மூச்சு அடங்கிய பிறகு கொள்ளு. குதிரைக்குப் பசிக்கும் என்பதால் நீங்கள் எப்படியும் எழுந்து போகத்தான் வேண்டும். போனால் வேலையும் நடந்துவிடும்.

மூன்றாம் படி: நீளக் கயிற்றில் வட்டம்

கையில் குச்சியோடு நடுவில் நாம் நின்று, நீளக் கயிற்றின் முனையில் குதிரையை நம்மைச் சுற்றி வட்டமாக நடக்க வைப்பதுதான் இது. எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். எங்கள் பக்கத்துச் செம்மண் மேட்டில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். ஓசூர் மத்திகிரிப் பண்ணையை 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கவே ஆரம்பித்தார்கள்; குதிரை இந்தச் சீமைக்குப் புதிதல்ல. களத்துமேடு, அறுவடை முடிந்த கடலைக் காடு, மாந்தோப்பில் மரமில்லாத மூலை, எதுவானாலும் சரி. குளம்பு வழுக்கினால் அன்றைக்கு வட்டம் வேண்டாம்.

கயிறு 8 மீட்டர், பருத்தியில். நைலான் கயிறு மலிவுதான், ஆனால் குதிரை இழுத்தால் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். கையுறை போடுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்து மட்டும் பிடியுங்கள். கடிவாளத்தில் கட்ட வேண்டாம், தலைக்கயிற்றில் கட்டினால் போதும்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. குதிரை வட்டத்தில் போகாமல் உங்கள் பக்கம் திரும்பி வந்து முகத்துக்கு நேராக நிற்கும். குச்சியை ஆட்டினால் பின்னால் நகரும். "இது முரட்டுக் குதிரை" என்று முடிவு கட்டிவிடுவோம். காரணம் நாம் நிற்கும் இடம். நாம் அதன் தோளுக்கு முன்னால் நின்றால், "போகாதே" என்று உடம்பால் சொல்கிறோம். வாயால் "போ" என்றால் அதற்கு எப்படிப் புரியும்? ஓரடி பின்வாங்கி, அதன் இடுப்புக்கு நேராக வாருங்கள். இடுப்பைப் பார்த்து ஒரு எட்டு வையுங்கள். முன்னால் நகர்ந்த அந்தக் கணமே உங்கள் தோளைத் தளர்த்தி, குச்சியைத் தாழ்த்துங்கள். குதிரை கற்றுக்கொள்வது நாம் நெருக்கும்போது அல்ல, நெருக்குவதை விடும்போது. நிறுத்த வேண்டுமானால் தோளுக்கு முன்னால் ஒரு எட்டு வைத்து "ஹோ" என்று நீட்டிச் சொல்லுங்கள். எப்போதும் அதே சொல், அதே குரல்.

இடப்பக்கம் சரியாக வந்ததும் வலப்பக்கம் மாற்றினால் எல்லாம் மறந்ததுபோல நிற்கும். பயப்பட வேண்டாம். நாம் எல்லா வேலையையும் இடப்பக்கமிருந்தே செய்வதால் வலப்பக்கம் அதற்குப் புதிது. முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள். இரு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். சின்ன வட்டத்தில் வெகுநேரம் சுற்றினால் கால் மூட்டு கெட்டுப்போகும்.

நடை சீரானதும் தரையில் நான்கு சவுக்குக் கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் நடத்துங்கள். இடைவெளி சுமார் 80 செ.மீ.; உங்கள் குதிரையின் எட்டு பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். அது தலையைத் தாழ்த்தி, காலைப் பார்த்துப் பார்த்து வைக்கும்போது உங்களுக்கே உற்சாகம் வந்துவிடும்.

நான்காம் படி: மழை கொடுப்பதைப் பயன்படுத்துங்கள்

கோடையில் தேடினாலும் கிடைக்காத பாடங்கள் இப்போது வாசலில் கிடக்கின்றன. தேங்கிய தண்ணீர், படபடக்கும் தார்ப்பாய், விரியும் குடை, மழைக்கோட்டு. தண்ணீரைத் தாண்ட மறுத்தால் இழுக்காதீர்கள். நீங்கள் முதலில் இறங்கி நில்லுங்கள், கயிறு தளர்வாக இருக்கட்டும். அது மோந்து பார்த்தாலே அன்றைய பாடம் முடிந்தது.

ஐப்பசியில் தீபாவளி வரும். அதற்கு ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தத்தையும் பறை, மேளத்தையும் செல்போனில் மிக மெதுவாக வைத்து, தட்டை தின்னும் நேரத்தில் கேட்க விடுங்கள். காதைத் திருப்பிவிட்டுத் தொடர்ந்து மென்றால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். மெல்வதை நிறுத்தினால் ஒலி அதிகம். தை, மாசித் திருவிழாவில் ஊர்வலம் போகும் குதிரைக்கு இதைவிட முக்கியமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

குளம்பைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். நடுவில் முக்கோணமாக, மெத்தென்று இருக்கும் பகுதியில் கறுப்புக் கசிவும் கெட்ட நாற்றமும் வந்தால் ஈரத்தில் அழுகுகிறது என்று பொருள். தரையைக் காய வையுங்கள், லாடம் கட்டுபவரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

ஐந்தாம் படி: மறுபடி ஏறுவது

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் முதல் இரண்டு, மூன்று வாரம் நடை மட்டும். தலைக்கவசம் கட்டாயம். பிறகு டிராட் (துள்ளு நடை), கடைசியில்தான் கேண்டர் (அதைவிட வேகமான மித ஓட்டம்). மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் தேறும். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் கயிற்றில் சுற்றி அன்றைய மனநிலையைப் பாருங்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணப் பழகுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்று அதிகம் வாங்கிவிட்டோம்.

பின்சேர்க்கை

பாலக்கோட்டு நண்பர் ஒருவர், "வட்டம் சுற்ற இடமே இல்லை, கொட்டகையும் ரோடும்தான்" என்று எழுதியிருந்தார். அப்படியானால் கையில் பிடித்து நடத்துங்கள். பத்து எட்டு முன்னால், நிறுத்தம், மூன்று எட்டு பின்னால், திரும்புதல். கொட்டகை வாசலிலேயே முடியும்.

கேழ்வரகுத் தட்டு போட்டதிலிருந்து குதிரை இருமுகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மழையில் நனைந்த போரில் பூஞ்சணம் பிடித்திருக்கும். வெள்ளை, கறுப்புத் தூள் பறக்கும் தட்டை எதையும் போடாதீர்கள். நல்ல தட்டையையும் வெளியே உதறி, தண்ணீர் தெளித்துப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் இருமல் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வட்டமும் வேண்டாம், சவாரியும் வேண்டாம்.