குடும்பத்தோடு அருங்காட்சியகம் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

விடுமுறைக்கு அருங்காட்சியகத்துக்கோ பழைய கோட்டைக்கோ போய்வந்த பலர், "பிள்ளைங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை ஒரு பொருளின் முன்னால் நிற்கத் தொடங்கும்போதுதான், "வா வா, இன்னும் நிறைய இருக்கு" என்று நாம் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறோம்.

என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பானை ஓட்டின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. நான் வாள்கள் இருக்கும் கூடத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். "அப்பா, இங்க ஒரு விரல் இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். பானையின் விளிம்புக்குக் கீழே, மண் ஈரமாக இருந்தபோது வனைந்தவரின் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். அவள் தன் கட்டைவிரலைக் கண்ணாடியின் மேல் அதற்கு நேராக வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பார்த்ததில் இன்றுவரை அவளுக்கு நினைவிருப்பது அந்த விரல் ஒன்றுதான். வாள்களை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன்.

அதனால் முதல் தவறு என்று நான் சொல்வது, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைப்பதைத்தான். டிக்கெட் வாங்கியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு கூடத்தையும் விடக் கூடாது என்று மனம் கணக்குப் போடும். உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். ஒருவரைக் கூடங்களில் நிற்கவைத்து, பொருளைப் பார்க்கவும் குறிப்பைப் படிக்கவும் அவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, குந்த வேண்டியிருக்கிறது என்று படமெடுத்துக் காட்டினார். பெரியவருக்கே அந்தப் பாடு என்றால், பேழையின் அடிப்பலகை மட்டுமே கண்ணுக்குத் தெரியும் நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும்? தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை அதன் உயரத்துக்குக் குந்திப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மணி நேரம், இரண்டு கூடம் போதும். எந்தக் கூடம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். உள்ளூர் இடமாக இருப்பதில் உள்ள பெரிய வசதியே, அடுத்த மாதம் மறுபடியும் வரலாம் என்பதுதான். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் அந்தப் பக்கம் போவது என்ற பழக்கத்தால் அந்த வசதியை வீணாக்குகிறோம்.

புறப்படும் முன் வாரவிடுமுறை எந்த நாள் என்று பார்த்துவிடுங்கள். உலகில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. பாரிஸின் லூவருக்குச் செவ்வாய். மூடும் நேரம் வேறு, கடைசியாக உள்ளே விடும் நேரம் வேறு என்பதும் பலருக்கு வாசலில்தான் தெரியவரும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் படிக்கட்டு எத்தனை, உட்கார இடம் எங்கே, கழிப்பறை எங்கே என்று முன்னதாகவே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. தாத்தா வாசலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருப்பதைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல முடியாது.

அடுத்தது, நாமே வாத்தியாராக மாறிவிடுவது. ஒவ்வொரு குறிப்புப் பலகையையும் சத்தமாகப் படித்துக் காட்டி, "இந்த ராஜா எந்த வருஷம்? இப்பத்தானே சொன்னேன்!" என்று கேட்டால் பள்ளிக்கூடமே அங்கேயும் வந்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். அதைவிட, பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டைப் படிகளின் நடுப்பகுதி மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது? கிணற்றுக் கல்லில் இந்தக் கோடுகள் எப்படி விழுந்தன? எத்தனை பேர் கால் வைத்தால் கல் குழியும், எத்தனை வருடம் கயிறு உராய்ந்தால் கல் அறுபடும் என்று அவர்களே யோசிப்பார்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கே இருக்கும் ஊழியரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். வாய்க்கு வந்த கதையைச் சொல்லிவிடாதீர்கள். அப்பா சொன்ன வரலாறு பிள்ளையின் மனதில் கல்வெட்டாக நின்றுவிடும்.

"தொடாதே" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். காரணம் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். விரலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெயும் வியர்வையின் உப்பும் இருக்கும், அவை உலோகத்தை அரிக்கும், கல்லில் கறையாகப் படியும். நாம் ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாதுதான், ஆனால் வருகிற எல்லோரும் அப்படித்தானே நினைப்பார்கள்? கையால் தொடுவதை விடுங்கள், மூச்சுக்காற்றே போதும். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களை 1940-ல் கண்டுபிடித்தவர்கள் பதின்வயதுப் பையன்கள். 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சில் இருந்த ஈரமும் கரியமில வாயுவும் ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963-ல் குகையையே மூடிவிட்டார்கள். இன்று மக்கள் பார்ப்பது நகல்களைத்தான். இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பிள்ளை தானாகவே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

"ஏன் இப்படி இருட்டா வச்சிருக்காங்க?" என்ற புகாருக்கும் இதேபோல் காரணம் உண்டு. பழைய துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே வழக்கமான வரம்பு. வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்ப வராது. ஃபிளாஷ் வேண்டாம் என்று எழுதியிருந்தால் உள்ளே நுழையும்போதே போனில் அணைத்துவிடுங்கள். சரி, படமே எடுக்கக் கூடாதா? அனுமதி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். முதலில் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள், அவ்வளவுதான்.

சுவரில் பெயர் கீறுவது பற்றி வீட்டிலேயே பேசிவிட வேண்டும். 2013-ல் எகிப்தின் லக்சர் கோயில் சிற்பத்தில் ஒரு பதின்வயதுச் சீனச் சிறுவன் தன் பெயரைக் கீறியது தெரியவந்தபோது, அவனுடைய பெற்றோர் ஊரறிய மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது உடைந்துவிட்டால்? பிள்ளையை இழுத்துக்கொண்டு நழுவிவிடாதீர்கள், ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். 2024-ல் இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில், குறைந்தது 3,500 ஆண்டு பழமையான ஒரு ஜாடியை நான்கு வயதுப் பையன் உடைத்துவிட்டான். கண்ணாடிப் பேழை இல்லாமல் வைத்திருந்த ஜாடி அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க லேசாக இழுத்திருக்கிறான். அருங்காட்சியகம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சில நாட்கள் கழித்து அந்தக் குடும்பத்தையே மறுபடி அழைத்தது. உடைந்த ஜாடியை எப்படி ஒட்டுகிறார்கள் என்று அந்தப் பையனுக்கே காட்டினார்கள்.