பல் டாக்டர் கொடுத்த சீட்டில் எதை முதலில் செய்வது?

கிளீனிங், இரண்டு ஃபில்லிங், ஒரு ரூட் கேனால் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது), அதன்மேல் கேப் (பல்லை மூடும் உறை), ஞானப்பல் எடுப்பது. கடலூரில் ஒரு கிளினிக்கில் ஆறு வேலை எழுதிக் கொடுத்தார்கள். கீழே இருந்த மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

முதல் படி: உயிர் ஆபத்து உண்டா?
முகமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ்ப்பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுப்பாதையே அடைபடும்.

சில்வர் பீச்சில் பந்து பட்டு, பால் பல் விழுந்தபின் முளைத்த நிரந்தரப் பல் வேரோடு விழுந்ததா? வேரைத் தொடாமல் எடுத்து, மண் இருந்தால் லேசாக அலசி, குழியிலேயே பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போங்கள். குழந்தையின் பால் பல் என்றால் பொருத்தவே கூடாது.

இரண்டாம் படி: வலியைக் கவனியுங்கள்
ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி உடனே அடங்கினால் ஃபில்லிங்கோடு முடியலாம். சில வாரம் பொறுக்கும். கூச்சம் நிமிடக்கணக்கில் நின்றாலோ, ராத்திரி தானாகவே விண்விண் என்று தெறித்தாலோ இந்த வாரமே போகவேண்டும். எனக்கு அப்படித் தெறித்த வலி ஒருநாள் சட்டென்று நின்றது. கிராம்பு வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே நரம்பு செத்திருந்தது. கிருமி மட்டும் வேர் நுனியில் வளர்ந்துகொண்டிருந்தது. மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக்கும் அந்தக் கிருமியின் இடத்தைச் சுத்தம் செய்யாது.

வலியே இல்லாத வாய்ப்புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லையா? காட்டிவிடுங்கள், முக்கியமாகப் புகையிலை, பாக்கு போடுகிறவர்கள்.

மூன்றாம் படி: மிச்சத்தைத் தள்ளுங்கள்
பல் வெளுப்பாக்குவது, கிளிப், தொல்லை தராத ஞானப்பல் எல்லாம் காத்திருக்கும். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பை மட்டும் தள்ளாதீர்கள். கேப் இல்லாமல் அந்தப் பல் பிளந்தால் பிடுங்க வேண்டியதுதான்.

நான்காம் படி: டாக்டரிடமே கேளுங்கள்
“மூணு மாசம் விட்டா என்ன ஆகும் சார்?” நல்ல டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்வார். செலவு இடித்தால் புதுச்சேரி கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் ஒன்று. காலையிலேயே போய்விடுங்கள்.

என் ஞானப்பல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.