சமையலறைக்கு முன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்

இப்போது குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டை வாங்குவதற்கு முன் 9 மாதங்களில் 14 வீடுகளைப் பார்த்தேன். பல மொழிக்காரர்களும் பல மதத்தவரும் கலந்து வாழும் பகுதியில்தான் வாங்குவது என்பதில் நானும் கணவரும் உறுதியாக இருந்தோம். தன்னைப் போலவே பேசும் பிள்ளைகளோடு மட்டும் எங்கள் மகள் வளர்ந்துவிடக் கூடாது என்று விரும்பினோம்.

முதல் சில வீடுகளை எல்லோரையும் போலத்தான் பார்த்தேன். சமையல் மேடை எவ்வளவு நீளம், பால்கனியில் காற்று வருமா, அலமாரி உண்டா. அவற்றில் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கும் வரை போய்விட்டோம். அன்று மாலை மொட்டை மாடிக்கு ஏறினால் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த பெண்மணியிடம் கேட்டேன். “செயலாளரிடம். அவருடைய ஆட்கள் துணி காயப்போட மட்டும் திறப்பார்” என்றார். “அவருடைய ஆட்கள்” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

அதன்பிறகு வரிசையை மாற்றினேன். பொது இடங்களை முதலில் பார்ப்பது, பிடித்திருந்தால் மட்டும் வீட்டுக்குள் நுழைவது.

கீழ்த்தளத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் நிறுத்தம், லிஃப்ட் பழுது போன்ற செய்திகள் எத்தனை மொழிகளில் எழுதப்பட்டிருக்கின்றன? குடியிருப்பில் நான்கு மொழிகள் பேசப்படும்போது ஒரே மொழியில் மட்டும் அறிவிப்பு ஒட்டினால், மற்றவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று பொருள். நாங்கள் வாங்கிய கட்டடத்தில் அச்சிட்ட அறிவிப்பின் கீழே யாரோ பேனாவால் இன்னொரு மொழியில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். என் மனம் அங்கேயே பாதி தீர்மானித்துவிட்டது.

அடுத்து, குடியிருப்போர் சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் வரவு செலவுக் கணக்கையும் கேளுங்கள். விற்பவர் உறுப்பினர், அவரால் வாங்கித் தர முடியும். தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பெரிய பழுதுகளுக்கென்று தனி நிதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் லிஃப்டை மாற்றும் ஆண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழும். குறிப்புகளில் நான் தேடியது சண்டைகளை. சண்டையே இல்லாத குறிப்புகளை நான் நம்புவதில்லை. கலந்து வாழும் இடத்தில் உரசல் வரத்தான் செய்யும், அது எப்படித் தீர்ந்தது என்பதுதான் கேள்வி. எங்கள் கட்டடக் குறிப்பில் இப்படி ஒன்று இருந்தது: ஒரு வீட்டில் அதிகாலை வழிபாட்டுக்கு ஒலிபெருக்கி வைக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இரவுப் பணி முடித்து வந்த செவிலியர் தூங்குகிறார். யாரும் யாரையும் தடை செய்யவில்லை. ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ப் பக்கம் வைத்தார்கள், ஒலியைக் குறைத்தார்கள், அடுத்த கூட்டத்தில் அந்தச் செவிலியரே நன்றி சொல்லியிருக்கிறார்.

தரகரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: “இந்தக் கட்டடத்தில் யாருக்கு வீடு தருவதில்லை?” நம்மை மகிழ்விப்பதாக நினைத்துப் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எழுதப்படாத விதிகள் அப்போதுதான் வெளியே வரும். இன்று அந்த விதி உங்களைத் தொடாமல் இருக்கலாம்; ஆனால் உங்கள் வீட்டை நீங்கள் யாருக்கு வாடகைக்கு விடலாம், யாருக்கு விற்கலாம் என்பதை நாளை அதுவே முடிவு செய்யும்.

பெயர்ப் பலகைகளில் இன்று தெரியும் கலப்பு நிலைக்குமா என்றும் விசாரியுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டிய ஒரு கோட்பாட்டு மாதிரி (மாடல்) எனக்கு மிகவும் பயன்பட்டது. யாருக்கும் யார்மீதும் வெறுப்பு வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒருவராவது நம்மவராக இருக்கட்டும் என்ற மிதமான விருப்பமே போதும். அது நிறைவேறாதவர்கள் ஒவ்வொருவராக வீடு மாற, கலந்திருந்த பகுதி தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடும். அதனால் கடந்த ஐந்து ஆண்டுகளில் யார் விற்றுப் போனார்கள், ஏன் போனார்கள், யார் வந்தார்கள் என்று காவலாளியிடமும் பழைய குடித்தனக்காரர்களிடமும் கேட்டேன். வேலை மாறிப் போனார்கள், பிள்ளைகளிடம் போனார்கள் என்றால் கவலையில்லை. ஒரே சமூகத்தினர் அடுத்தடுத்து வெளியேறியிருந்தால் காரணம் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

இனி வீட்டுக்குள். அதிகாலை, இரவு பத்து மணி, விடுமுறை நாள், ஒரு மழைநாள் என்று நான்கு முறை போங்கள். மேல்வீட்டில் ஒருவரை நடக்கச் சொல்லி, கீழே படுக்கையறையில் நின்று கேளுங்கள். பேச்சுச் சத்தம் கதவிடுக்கு வழியாக வரும். இடுக்கை அடைத்தால் குறையும். காலடிச் சத்தம் கான்கிரீட் தளம் வழியாகவே இறங்குவது. நம் பக்கத்தில் திரை போட்டு அதைத் தடுக்க முடியாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் கட்டடங்களில் 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் குழாய்க்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.3 பார்தான். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவரை வெயில் தாழ்ந்த பிறகு தொடுங்கள். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில்தான் அறைக்குள் விடும். பரப்பளவை நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். பத்திரங்களைப் பார்க்க உங்களுடைய வழக்கறிஞரை அமர்த்துங்கள், விற்பவர் காட்டுபவரை அல்ல.

கடைசியாக, கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் குளியலறை கசிகிறதா என்பதை அவர்கள் வீட்டுக் கூரைதான் சொல்லும். நான் தட்டிய வீட்டில் இருந்த மூதாட்டிக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடைய மொழி தெரியாது. கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கூரையில் உள்ளங்கையளவு ஈரத்தைக் காட்டினார். பள்ளியிலிருந்து வந்த பேரன் மீதியை மொழிபெயர்த்தான்: இரண்டு மழைக்காலமாக இருக்கிறதாம், விற்பவரிடம் சொல்லியும் பலனில்லையாம். விற்பவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். வேலை முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடியும் அந்தக் கதவைத் தட்டினேன். கூரை காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.