கோதுமை தொடாத சினமன் ரோல்: வாங்குவதா, வீட்டில் சுடுவதா?

குமுளி கடைத்தெருவில் கருவாப்பட்டை வாங்க யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசனையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். அந்தப் பட்டைத் தூளைத் தூவிச் சுருட்டிய சினமன் ரோல், அதுவும் குளூட்டன் இல்லாததாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். என் அக்கா மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் பட்டாலே குடல் கெடும் நோய், என்று தெரிந்த பிறகு, கம்பத்திலிருந்து மலையேறி குமுளி வரைக்கும் நான் தேடாத பேக்கரி இல்லை. கடைசியில் வீட்டிலேயே சுடக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு தடவை செய்தது கோழிக்குப் போனது. மூன்றாவது தடவை வந்தது. அந்த மூன்றாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள். மைதா மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் "இது கிழங்கு மாவுதான், சாப்பிடலாம்" என்று சீலியாக் உள்ள பிள்ளைக்குப் பரோட்டாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் மட்டும் இருந்தால், பரிசோதனை முடிவதற்குள் கோதுமையை நிறுத்தாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் மருத்துவர், பிறகு ரோல்.

படி 1: வாங்க முடியுமா என்று பாருங்கள்

எல்லையோரச் சிற்றூர்களில் இது கிடைப்பது அபூர்வம். கொச்சி, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் ஆர்டர் வாங்கி வீட்டில் சுட்டுக் கொடுப்பவர்களிடம் விசாரிக்கலாம்.

பாக்கெட்டில் வருவதாக இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்கு மட்டுமே 'குளூட்டன் இல்லாதது' என்று போடலாம். முன்பக்கத்தில் 'சிறுதானியம்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். ராகி பிஸ்கட் என்று விற்பதில் பாதிக்கு மேல் கோதுமை மாவாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். 'மால்ட்' என்றால் பெரும்பாலும் பார்லி, அதையும் விலக்குங்கள்.

பேக்கரியில் கேட்பதாக இருந்தால், "மைதா போடவில்லையே?" என்ற கேள்வி போதாது. நான் குமுளியில் ஒரு அக்காவிடம் கேட்டது இது: "சேச்சி, மைதா பிசைகிற அதே மேசையில்தான் இதையும் உருட்டுவீர்களா?" அவர் சிரித்துக்கொண்டே, "வேறு மேசைக்கு எங்கே இடம் இருக்கிறது?" என்றார். நேர்மையான பதில். வாங்காமல் திரும்பிவிட்டேன், அவர் மேல் மரியாதை கூடியது. மேசை, ஓவன் தட்டு, சல்லடை, தூவும் மாவு ஆகிய நான்கையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கேரளத்துப் பேக்கரிக்கும் பட்டைக்கும் பழைய உறவு உண்டு. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883-ல் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டார் என்பார்கள். மாதிரிக்கு ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி அப்படியே செய்யச் சொன்னவர் அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துக்கார பிரவுன். அவ்வளவு பெருமை இருந்தும் நம் பேக்கரி அலமாரியில் பப்ஸ், பன், ரஸ்க் எல்லாமே மைதா. இனி வீட்டு அடுப்புதான்.

படி 2: மாவு

என் இரண்டாவது தோல்விக்குக் காரணம் இதுதான். ரோல் ஓரளவு நன்றாகவே வந்தது, ஆனால் சோளத்தை மாவு மில்லில் கொடுத்து அரைத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் அதே இயந்திரத்தில் கோதுமை அரைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, பிள்ளை வாயில் வைப்பதற்குள் தெரிந்தது. சீலியாக் உள்ள வீட்டுக்கு மில் வேண்டாம். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் மாவை வாங்குங்கள், அல்லது வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள். மைதா சலித்த பழைய சல்லடை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

8 ரோல்களுக்கு வேண்டியவை: வெள்ளைச் சோள மாவு 130 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 130 கிராம், பச்சரிசி மாவு 40 கிராம், இசப்கோல் 14 கிராம், தண்ணீர் 140 மில்லி, வெதுவெதுப்பான பால் 100 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 35 கிராம், சர்க்கரை 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி.

கடையில் 'சோள மாவு' என்று மட்டும் கேட்டால் மக்காச்சோள ஸ்டார்ச்சை எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளைச் சோளம் என்று அழுத்திச் சொல்லுங்கள். மரவள்ளி ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியைப் பொடித்துச் சலித்துப் போடலாம், கொஞ்சம் நறநறக்கும். இசப்கோல் மருந்துக் கடையில் கிடைக்கும். மலச்சிக்கலுக்குக் குடிப்பார்களே, அதுதான். சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். தராசு கட்டாயம் வேண்டும். டம்ளர் கணக்கு இங்கே எடுபடாது.

படி 3: பிசைதல்

முதல் தடவை நான் பரோட்டா மாவுபோல் அடித்துப் பிசைந்து, ஊறவைத்து, மறுபடி பிசைந்து பார்த்தேன். மணல்போல் உதிர்ந்தது. இழுத்தால் நீளும் குணம் குளூட்டனுடையது. அது இல்லாத மாவை எவ்வளவு அடித்தாலும் நீளாது. அந்த வேலையை இங்கே இசப்கோல் செய்கிறது.

இசப்கோலைத் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். ஒரு நிமிடத்தில் நுங்குபோல் கெட்டியாகும். பாலில் சர்க்கரை ஒரு கரண்டியும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது, வேறு வாங்குங்கள். மாவு வகைகள், மீதிச் சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் கலந்து நடுவில் குழி செய்து, ஈஸ்ட் பால், அடித்த முட்டை, இசப்கோல் கூழ், வெண்ணெய் சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். கூழ் எங்கும் திட்டாகத் தெரியக் கூடாது. பதம் இடியாப்ப மாவைவிடத் தளர்வாக, வடை மாவைவிட இறுக்கமாக இருக்கும். கையில் லேசாக ஒட்டும். பயந்துபோய் மேலும் மாவு சேர்த்தால் ரோல் செங்கல்லாகும். மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உருட்ட வசதி.

படி 4: வாழையிலையில் சுருட்டுதல்

சப்பாத்திப் பலகையைத் தொடாதீர்கள், அதன் மரத்துக்குள் கோதுமை ஊறியிருக்கும். வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் மாவை வைத்து, இன்னொரு இலையால் மூடி, வழவழப்பான கண்ணாடிப் பாட்டிலால் தேயுங்கள். 35 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட செவ்வகமாக வரட்டும்.

மேலே 60 கிராம் மெத்தென்ற வெண்ணெயைத் தடவி, 80 கிராம் நாட்டுச் சர்க்கரையும் 3 தேக்கரண்டி பட்டைத் தூளும் கலந்து தூவுங்கள். பட்டையைத் தூளாக வாங்காமல் முழுசாக வாங்கிப் பொடிப்பது நல்லது. தாள் சுருட்டியதுபோல் மெல்லிய அடுக்குகளாக இருந்து, விரலால் நொறுங்கினால் அது இலங்கையின் அசல் கருவாப்பட்டை. கெட்டியாக, ஒரே அடுக்காக, மரச் சில்லுபோல் இருப்பது காசியா. காசியாவில் காரம் அதிகம். கல்லீரலுக்கு ஆகாத கூமரின் என்ற பொருளும் அதில் அதிகம். குழந்தைகளுக்கு அடிக்கடி செய்வதாக இருந்தால் மெல்லிய பட்டையையே வாங்குங்கள்.

28 செ.மீ. பக்கத்திலிருந்து தொடங்கி, கீழிலையைத் தூக்கித் தூக்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். மாவைக் கையால் பிடித்து இழுத்தால் பிளக்கும். ஆங்காங்கே விரிசல் விட்டால் ஈர விரலால் தடவிவிடுங்கள். வெட்டக் கத்தி வேண்டாம், நசுங்கும். பூத்தொடுக்கும் நூலை அடியில் விட்டு, மேலே குறுக்காக மாற்றி இழுத்தால் சுத்தமாக அறுபடும். எட்டுத் துண்டுகள்.

படி 5: பொங்கவிட்டுச் சுடுதல்

வெண்ணெய் தடவிய 22 செ.மீ. வட்டத் தட்டில் சிறு இடைவெளி விட்டு அடுக்கி மூடி வையுங்கள். நேரம் ஊரைப் பொறுத்தது. கம்பத்து வெயிலில் முக்கால் மணி நேரத்தில் உப்பிவிடும். மார்கழிக் குமுளியில் ஒன்றரை மணி ஆனாலும் அசையாது. அணைத்த ஓவனுக்குள் ஒரு பாத்திரம் வெந்நீரோடு வையுங்கள். ஒன்றரை மடங்காகப் பெருத்தால் போதும். இரண்டு மடங்குக்காகக் காத்திருந்தால் அமுங்கிவிடும்.

180 டிகிரியில் முன்பே சூடாக்கிய ஓவனில் சுமார் 30 நிமிடம். நடுவில் உள்ள ரோலை அழுத்தினால் குழியாமல் நிற்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, அதில் தட்டை வைத்துக் குறைந்த தீயில் 40 நிமிடம் சுடலாம். மேல்பக்கம் சிவக்காது, ருசியில் குறையில்லை.

நன்றாக ஆறிய பிறகே மேற்பூச்சு. துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரில் பொடித்த சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் அடித்துப் பூசினேன். க்ரீம் சீஸ் தேடி அலைய வேண்டாம்.

சுட்ட அன்றே சாப்பிடுவதுதான் சுகம். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழைய சாதம்போல் விறைத்துக்கொள்ளும். மிஞ்சியதைப் பூச்சு போடாமல் மூடி வைத்து, மறுநாள் இட்லிப் பானையில் மூன்று நிமிடம் ஆவி காட்டுங்கள். என் அக்கா மகளுக்கு அந்த இரண்டாம் நாள் ரோல்தான் பிடிக்கிறதாம்.